‘ப்ளூ’ என்றால் நீலம் மட்டும்தானா? ஒரு இங்கிலீஷ் சொல்லை முழுதாகக் கற்றுக்கொள்ளும் வழி

வியாசர்பாடியில் சாயங்கால வேளைகளில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்த ஒரு தம்பி எங்கள் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தான். ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசியவர், "இட் இஸ் எ ப்ளூ-காலர் ஜாப், ஓகே?" என்று கேட்டிருக்கிறார். "எஸ் சார்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போய்க் காலர் வைத்த நீலச் சட்டை ஒன்று வாங்கி வந்துவிட்டான். மடிப்புக் கலையாமல் அதை என் முன்னால் விரித்து, "அக்கா, இந்த ப்ளூ போதுமா, இன்னும் டார்க்கா வேணுமா?" என்று கேட்டான்.

எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது. அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. ப்ளூ என்றால் நீலம், காலர் என்றால் காலர். நாங்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தோம். ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம் எழுதி மனப்பாடம் செய்யவைத்தால், அந்தச் சொல் வெளியே வேறு வேலை செய்யும்போது பிள்ளைகள் திகைத்து நிற்கிறார்கள். அதனால் அந்த வாரம் முழுக்க ‘ப்ளூ’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்தினேன். அந்தப் பாடத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். வீட்டில் உட்கார்ந்து தனியாகவும் இதைப் பழகலாம்.

படி 1: முதலில் வாயில் சரியாக வரட்டும்

நம்மில் பலர் ‘புளூ’ என்று சொல்கிறோம். பகரத்துக்கும் லகரத்துக்கும் நடுவில் ஓர் உகரம் நுழைந்துவிடுகிறது. இன்னொன்று, தமிழில் ‘ப்ளூ’ என்று ளகரம் போட்டு எழுதினாலும், இங்கிலீஷில் வருவது நம் ‘ல’ போன்ற ஒலிதான். நாக்கு மேல்நோக்கி மடியக் கூடாது, பல்லுக்குப் பின்னால் தொட வேண்டும்.

ஒரு சின்ன வழி இருக்கிறது. ‘அம்பு’, ‘கம்பு’ என்று சொல்லிப் பாருங்கள். மகரத்துக்குப் பின்னால் வரும் பகரம் தானாகவே அழுத்தமாக, அதிர்ந்து ஒலிக்கிறது. இங்கிலீஷுக்கு வேண்டிய ஒலி அதுதான். உதட்டை மூடியிருக்கும்போதே நாக்கு நுனியைப் பல்லுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, ‘அம்ப்லூ’ என்று பத்து முறை சொல்லுங்கள். அப்புறம் ‘அம்’மை விட்டுவிடுங்கள். மிச்சம் இருப்பது சரியான ப்ளூ.

காற்று ‘வீசியது’ என்பதற்கும் இங்கிலீஷில் இதே ஒலிதான், எழுத்துதான் வேறு. "த விண்ட் ப்ளூ ஆல் நைட்" என்று யாராவது சொன்னால் காற்று நீலமாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

படி 2: வாக்கியத்தில் எங்கே உட்காருகிறது

மெட்ரோ வாட்டர் லாரி வரும் நாளில் நம் தெருக்களில் வரிசையாக நிற்குமே, அந்த நீல டிரம். அதை எடுத்துக்கொள்வோம். இங்கிலீஷில் ஒரு பொருளைப் பல சொற்களால் விவரிக்கும்போது ஒரு வரிசை உண்டு: அளவு, வயது, நிறம், எதனால் ஆனது. "எ பிக் ஓல்ட் ப்ளூ பிளாஸ்டிக் டிரம்." இந்த வரிசையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதே இல்லை. ‘பெரிய பழைய நீல பிளாஸ்டிக் டிரம்’ என்று நாமும் அதே வரிசையில்தானே சொல்கிறோம்! ‘பிளாஸ்டிக் நீல பழைய பெரிய டிரம்’ என்று நம் ஊரில் யார் சொல்வார்கள்? இந்த ஒரு இடத்தில் தமிழ் காதே உங்களுக்கு வழிகாட்டும்.

காதை நம்பக் கூடாத இடங்களும் உண்டு. நாம் ‘நீலக் கலர் சட்டை’ என்று சொல்கிறோம். அதையே "ப்ளூ கலர் ஷர்ட்" என்று கொண்டுபோகிறோம். இங்கிலீஷில் "ப்ளூ ஷர்ட்" போதும், நிறம் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. "மை ஷர்ட் கலர் இஸ் ப்ளூ" என்பதைவிட "மை ஷர்ட் இஸ் ப்ளூ" நன்றாக இருக்கும். கேள்வி கேட்கும்போது "வாட் கலர் இஸ் யுவர் பேக்?" என்று கேட்கலாம்.

அடுத்து, காசிமேட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தடுக்கிய இடம் ஒன்று. படகுக்கு நீல பெயின்ட் அடித்தார்கள் என்பதை எப்படிச் சொல்வது? "தே பெயின்டட் த போட் ப்ளூ." ‘ஆக’ என்று நாம் சேர்ப்பதற்கு இங்கே ஒன்றும் வேண்டாம், நிறம் கடைசியில் தனியாக வந்து நிற்கும். "ஷி டைட் த சாரி ப்ளூ" என்பதும் இப்படித்தான். நீல உடை உடுத்தியவர்களை "இன் ப்ளூ" என்று சொல்வார்கள். நம் கிரிக்கெட் அணியை "மென் இன் ப்ளூ" என்று கமென்ட்ரியில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

படி 3: எந்த நீலம்?

இங்கே ஒரு தமிழ்ச் சிக்கலை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் ‘ஊதா’ என்றால் சிலருக்கு ப்ளூ, சிலருக்கு வயலெட். என் வகுப்பிலேயே அக்கா ஒரு மாதிரியும் தங்கச்சி ஒரு மாதிரியும் சொன்னார்கள். அதனால் ‘ஊதா’வை நேராக மொழிபெயர்க்க வேண்டாம். பொருளைக் கண்ணால் பாருங்கள். சிவப்புக் கலந்து கத்தரிப்பூ மாதிரி இருந்தால் வயலெட் அல்லது பர்ப்பிள். வானத்துப் பக்கம் சாய்ந்தால் ப்ளூ.

பள்ளி யூனிஃபார்மில் வரும் ‘நேவி ப்ளூ’ பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து வந்த பெயர். 1748-ல் அதன் அதிகாரிகளுக்குக் கருநீலச் சீருடை வந்தது, நிறத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ‘இண்டிகோ’ நம் அவுரிச் செடியிலிருந்து எடுத்த சாயம். கிரேக்க மொழியில் ‘இந்தியாவிலிருந்து வந்தது’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. சமஸ்கிருத ‘நீல’ அரபு வழியாகப் போர்த்துக்கீசியம் போய் ‘அனில்’ ஆனது, அதிலிருந்து ‘அனிலின்’ என்ற ரசாயனத்தின் பெயர் பிறந்தது. நாம் சொல்லும் நீலமும் கெமிஸ்ட்ரி புத்தகத்து அனிலினும் சொந்தக்காரர்கள் என்று சொன்னபோது பிளஸ் டூ பிள்ளைகள் நம்பவே இல்லை.

ஓரளவு நீலம் என்றால் ‘ப்ளூயிஷ்’. இன்னும் நீலம் என்றால் ‘ப்ளூயர்’. ‘மோர் ப்ளூ’ என்று அலைய வேண்டாம்.

வண்ணாரப்பேட்டை என்ற பெயரே கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் துணி வெளுத்தவர்களால் வந்தது. அங்கே தொடங்கி இன்றும் நம் வீடுகளில் வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிறோம். அதை இங்கிலீஷில் ‘ப்ளூயிங்’ என்பார்கள். வெள்ளைத் துணி நாளாக ஆக மஞ்சள் ஏறும். நீலம் அந்த மஞ்சளைக் கண்ணுக்குத் தெரியாமல் அடக்கிவிடுகிறது. பக்கெட்டில் ஒரு சொட்டு விழுந்து புகை மாதிரி சுருண்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், மறக்காது.

படி 4: மனசு ப்ளூவாக இருப்பது

இதில்தான் தமிழும் இங்கிலீஷும் பிரியும். நமக்கு நீலம் என்றால் வானம், கடல், கண்ணன் மேனி, இல்லையென்றால் விஷம். நீலகண்டன் கழுத்தில் நின்றது விஷத்தின் நீலம். சோகத்துக்கும் நீலத்துக்கும் நம் மொழியில் உறவே கிடையாது. இங்கிலீஷில் உண்டு. மனச்சோர்வை ‘ப்ளூ டெவில்ஸ்’, அதாவது நீலப் பிசாசுகள் பிடித்திருக்கின்றன என்று ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

"ஐ ஆம் ஃபீலிங் ப்ளூ" என்றால் ‘மனசு ஒரு மாதிரி இருக்கு’ என்று நாம் சொல்வோமே, அந்த அளவு வருத்தம். அதற்கு மேல் போகாது. சாவு வீட்டில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தவே கூடாது, அங்கே "ஐ ஆம் சோ சாரி ஃபார் யுவர் லாஸ்" என்பதுதான் முறை. ஞாயிறு முடிந்து திங்கள் காலை வேலைக்குப் போகும்போது வரும் சலிப்பு ‘மண்டே ப்ளூஸ்’. இதில் கடைசி ‘ஸ்’ கட்டாயம். "ஐ ஹேவ் த ப்ளூஸ்" என்று சொல்லலாம், "ஐ ஹேவ் த ப்ளூ" என்று சொல்ல முடியாது.

அந்த ‘ப்ளூஸ்’ ஒரு இசையின் பெயரும்கூட. அமெரிக்காவின் தென்பகுதியில், அடிமை முறை ஒழிந்த பிறகும் பருத்திக் காட்டில் முதுகொடிய உழைத்த கறுப்பின மக்கள் உண்டாக்கிய இசை அது. இதைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் கானாவைத்தான் பக்கத்தில் வைப்பேன். நம் தெருவில் சாவு விழுந்தால் விடிய விடிய பாடும் மரண கானாவைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, துக்கத்தைப் பாட்டாக்கி இறக்கிவைப்பது என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டும் வேறு வேறு மண்ணில் தனித்தனியாக வளர்ந்தவை, தாளமும் ராகமும் வேறு. ஆனாலும் ‘த ப்ளூஸ்’ என்ற சொல்லின் கனம் வியாசர்பாடிப் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும். அகராதி அதைத் தராது.

‘பேபி ப்ளூஸ்’ என்று ஒன்றும் இருக்கிறது, பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. பிரசவம் ஆன சில நாட்களில் காரணமே இல்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும். பெரும்பாலான தாய்மாருக்கு இது வந்து, இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். அதைத் தாண்டியும் நீடித்தால் அது வேறு, டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். ‘புள்ள பெத்தவ எதுக்கு அழுவுற’ என்று அதட்டுகிற வீடுகளில் இந்தச் சொல் தெரிந்திருப்பது எவ்வளவோ உதவி.

படி 5: வேலை இடத்து ப்ளூ

இப்போது அந்தத் தம்பியின் சட்டைக்கு வருவோம். அமெரிக்காவில் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் அழுக்குத் தெரியாத நீலத் துணிச் சட்டை போட்டார்கள். ஆபீசில் உட்கார்ந்தவர்கள் வெள்ளைச் சட்டை போட்டார்கள். அதை வைத்து 1920களில் உடலுழைப்பு வேலைக்கு ‘ப்ளூ-காலர்’ என்ற பெயர் பரவியது, எழுத்து வேலைக்கு ‘வைட்-காலர்’. இன்றைக்கு யார் என்ன நிறம் போட்டாலும் பெயர் அப்படியே நிற்கிறது. ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், லோடுமேன் எல்லாமே ப்ளூ-காலர் வேலைதான். எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நம் அப்பாக்களும் மாமாக்களும் பார்த்தது அந்த வேலை. அந்தச் சொல்லில் குறைவு எதுவும் இல்லை. பேசுகிறவர் குரலில் இளக்காரம் இருந்தால் அது அவருடையது, சொல்லுடையது அல்ல.

வகுப்பில் பேசி முடித்த பிறகு ஒரு பதிலை எழுதிப் பழகினோம்: "எஸ் சார், ஐ ஆம் எ டிரெய்ன்ட் ஃபிட்டர். ஐ ஆம் லுக்கிங் ஃபார் ப்ளூ-காலர் வொர்க்." தம்பி அந்த இன்டர்வியூவுக்குப் புதுச் சட்டையோடுதான் போனான். சட்டை நன்றாகத்தான் இருந்தது.

தொழில் இடத்தில் காதில் விழும் இன்னொரு சொல் ‘ப்ளூபிரிண்ட்’. இதற்கும் நிறத்துக்கும் நேரான தொடர்பு உண்டு. 1842-ல் ஜான் ஹெர்ஷல் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி, இரும்பு உப்புகள் தடவிய காகிதத்தில் வெளிச்சம் பட்டால் அது நீலமாகும் என்பதை வைத்து ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அந்தக் காகிதத்தின் மேல் டிராயிங்கை வைத்து வெயிலில் காட்டுவார்கள். கோடு இருக்கும் இடத்தில் வெளிச்சம் படாது. தண்ணீரில் அலசினால் அந்தக் கோடுகள் வெள்ளையாக நிற்கும், மற்ற இடமெல்லாம் நீலம். பொறியாளர்கள் பல பத்தாண்டுகள் இப்படித்தான் நகல் எடுத்தார்கள். இப்போது வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு வந்துவிட்டது. நம் ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் ‘டிராயிங்’ என்றே சொல்கிறார்கள். ஆனால் செய்தித்தாளில் "ப்ளூபிரிண்ட் ஃபார் த சிட்டி" என்று போட்டிருந்தால், முழுத் திட்டத்தின் வரைவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர் ஐ.சி.எஃப்., அதாவது ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1955-ல் தொடங்கியது. அங்கே செய்து நாடு முழுக்க ஓடிய அந்த நீலப் பெட்டிகளை "ப்ளூ கோச்சஸ்" என்றால் அது வெறும் நிறம்தான், உள்ளர்த்தம் தேட வேண்டாம். எல்லா ப்ளூவுக்கும் பின்னால் கதை இருக்காது. ‘ப்ளூ ரெவல்யூஷன்’ என்பதற்கு உண்டு: பசுமைப் புரட்சி தானியத்துக்கு, நீலப் புரட்சி மீனுக்கு.

படி 6: மரபுத்தொடர்களுக்குத் தமிழ் ஜோடி தேடுங்கள்

மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், அதே இடத்தில் நம் பாட்டி என்ன சொல்வார் என்று யோசியுங்கள். ஜோடி கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது.

‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்றால் அத்தி பூத்தாற்போல். ஒரே மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்தால் இரண்டாவதை ப்ளூ மூன் என்று சொல்லும் வழக்கம் உண்டு. சராசரியாக இரண்டரை, மூன்று வருடத்துக்கு ஒரு முறை வரும். 2023 ஆகஸ்டில் வந்தது. அன்றைக்கு நிலா நீலமாக இருக்காது, எப்போதும் போலத்தான் இருக்கும். நிலா உண்மையிலேயே நீலமாகத் தெரிய வேண்டுமென்றால் வானத்தில் குறிப்பிட்ட அளவு நுண்துகள்கள் பரவியிருக்க வேண்டும். 1883-ல் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது அப்படி நடந்தது. அந்த செப்டம்பரில் நம் சென்னை வானத்தில் சூரியனே பச்சையாகத் தெரிந்ததை இங்கிருந்த விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கிறார்கள். ராயபுரம் கடற்கரையில் நின்று அதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

‘அவுட் ஆஃப் த ப்ளூ’ என்றால் திடுதிப்பென்று. இங்கே ப்ளூ என்பது வானம். நல்லதற்கும் சொல்லலாம், கெட்டதற்கும் சொல்லலாம். ‘எ போல்ட் ஃப்ரம் த ப்ளூ’ என்றால் தலையில் இடி விழுந்த மாதிரி. அது பெரும்பாலும் கெட்ட செய்திக்குத்தான். ‘பிட்வீன் த டெவில் அண்ட் த டீப் ப்ளூ சீ’ நம் இருதலைக் கொள்ளி எறும்பு. ‘டாக் டில் யூ ஆர் ப்ளூ இன் த ஃபேஸ்’ என்றால், கத்திக் கத்தித் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு. ‘ப்ளூ-ஐட் பாய்’ செல்லப்பிள்ளை. மேனேஜருக்கு வேண்டியவனைப் பற்றி மற்றவர்கள் கொஞ்சம் கடுப்போடு சொல்வது, நேரில் சொல்லிவிடாதீர்கள்.

படி 7: உடம்பு நீலமானால்

ஆஸ்பத்திரிகளில் செக்யூரிட்டியாகவும் ஹவுஸ்கீப்பிங்கிலும் நம் பகுதி ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஸ்பீக்கரில் ‘கோட் ப்ளூ’ என்று கேட்டால், பொதுவாக ஒருவருக்கு இதயமோ மூச்சோ நின்றுவிட்டது என்று அர்த்தம். லிஃப்ட்டையும் வழியையும் விட்டுவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும்.

‘உடம்பு நீலம் பாரித்துவிட்டது’ என்று தமிழில் சொல்கிறோமே, அதற்கு இங்கிலீஷில் "ஹி இஸ் டர்னிங் ப்ளூ". ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் வருவது. நம் நிறத்துத் தோலில் அது சீக்கிரம் தெரியாது. உதடு, ஈறு, நகக்கண் மூன்றையும் பாருங்கள். டாக்டரிடம் "ஹிஸ் லிப்ஸ் ஹேவ் டர்ன்ட் ப்ளூ" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அடிபட்டுக் கன்றிப்போனதற்கு ‘பிளாக் அண்ட் ப்ளூ’. இரண்டும் வேறு, குழப்பிக்கொள்ளக் கூடாது.

படி 8: இடம் பார்த்துப் பேச வேண்டியவை

நம் தெருக்களில் நீலக் கொடி என்றால் அம்பேத்கர். 1942-ல் அவர் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நீலம். அந்த நிறத்துக்கு இங்கே இருக்கிற மரியாதை பெரியது. ஆனால் பிரிட்டன் செய்தியில் ‘ப்ளூ’ என்றால் கன்சர்வேட்டிவ் கட்சி. அமெரிக்கச் செய்தியில் ‘ப்ளூ ஸ்டேட்’ என்றால் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கும் மாநிலம், 2000 தேர்தலுக்குப் பிறகு நிலைத்த வழக்கு இது. எந்த நாட்டுச் செய்தி என்று பார்த்துவிட்டுத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

‘ப்ளூ ஃபிலிம்’, ‘ப்ளூ ஜோக்’ என்றால் ஆபாசம். வளர்ந்த பிள்ளைகளிடம் இதை மூடி மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. கடல் பற்றிய படம் பிடிக்கும் என்று சொல்ல நினைத்து "ஐ லைக் ப்ளூ மூவிஸ்" என்று எழுதினால், அவமானப்படப் போவது நம் பிள்ளை.

படி 9: நடந்து பழகுங்கள்

ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு உங்கள் தெருவில் அரை மணி நேரம் நடங்கள். கண்ணில் படும் பத்து நீலப் பொருட்களை படி 2-ல் சொன்ன வரிசையில் எழுதுங்கள். வீட்டுக்கு வந்து, அன்றைக்கு உங்களுக்கு நடந்த ஒன்றை ஒரு மரபுத்தொடரில் எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும். மரபுத்தொடர்களை ஒரே நாளில் பத்து எழுதினால் பத்தும் மறந்துவிடும், இதை நான் வகுப்பில் பார்த்துவிட்டேன்.

கீழே மூன்றைச் செய்து பாருங்கள். முதலில் விடையைப் பார்க்காதீர்கள்.

எங்க மாமா அத்தி பூத்தாப்புலதான் வீட்டுக்கு வருவார்.
திடுதிப்புன்னு அவ போன் பண்ணினா.
கேட்டுக்கு நீல பெயின்ட் அடிச்சோம்.

விடைகள்: "மை அங்கிள் விசிட்ஸ் அஸ் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்." "ஷி கால்ட் மி அவுட் ஆஃப் த ப்ளூ." "வி பெயின்டட் த கேட் ப்ளூ." மூன்றாவதில் ‘இன் ப்ளூ கலர்’ என்று எழுதியிருந்தால், படி 2-க்குத் திரும்பிப் போய் அந்தப் படகு வாக்கியத்தை இன்னொரு முறை வாய்விட்டுப் படியுங்கள்.